கடைசியில் வருபவருக்காக ஓர் ஓட்டம்

ஆண்டுக்கு நான்கைந்து முறையாவது இது நிகழ்கிறது. சனிக்கிழமை மாலை, புறநோயாளிப் பிரிவை மூடும் நேரத்தில் ஒருவர் கையில் ஒரு தாளுடன் வந்து நிற்பார். "நாளைக் காலையில ஓட்டம் சார். உடம்பு தகுதியா இருக்குன்னு ஒரு கையெழுத்து மட்டும் போட்டுக் குடுத்தீங்கன்னா போதும்." பத்துக் கிலோமீட்டர் ஓடவிருக்கும் அவர், கடந்த பத்து ஆண்டுகளில் பேருந்தைப் பிடிக்க ஓடியதைத் தவிர வேறெங்கும் ஓடியவர் அல்லர். பனியன் வந்துவிட்டது. நெஞ்சில் குத்திக்கொள்ளும் எண் அட்டையும் வந்துவிட்டது. மிச்சமிருப்பது எங்கள் கையொப்பம்.

அந்தத் தாளைப் பல ஆண்டுகளாக நாங்கள் இரண்டே விதமாகக் கையாண்டு வந்தோம். நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து, இரத்த அழுத்தத்தை அளந்து, கையொப்பமிட்டுக் கொடுத்துவிடுவோம். அல்லது, "இந்த வயதில் உங்களுக்கு எதற்கு இந்த வேலை?" என்று திருப்பி அனுப்பிவிடுவோம். இரண்டுமே தவறு என்பதை எங்களுக்குக் கற்பித்தவர் ஒரு பூட்டுத் தொழிலாளி.

முப்பது ஆண்டுகள் பட்டறையில் அரம் பிடித்தவர் அவர். வயது ஐம்பத்திரண்டு, எட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் ஒழுங்காக எடுத்துக்கொள்பவர். வெளியூரில் வேலை பார்க்கும் மகன், அப்பாவை உற்சாகப்படுத்த எண்ணி, நகரச் சாலை ஓட்டம் ஒன்றில் அவர் பெயரையும் பதிவு செய்துவிட்டார். அன்று விடியற்காலை ஐந்து மணிக்கு அவர் வழக்கம்போல் மாத்திரையை விழுங்கினார். ஓடும்போது வயிறு கனக்கும் என்று யாரோ சொன்னதால் எதுவும் உண்ணவில்லை. ஆறாவது கிலோமீட்டரில் வியர்த்துக் கொட்டிக் கால் தடுமாறியது. களைப்பு என்று நினைத்துச் சுற்றியிருந்தவர்கள் தலையில் தண்ணீர் ஊற்றினார்கள். எங்களிடம் கொண்டு வந்தபோது இரத்தச் சர்க்கரை 42. நரம்பு வழியாகக் குளுக்கோஸ் ஏறியதும் பத்து நிமிடத்தில் எழுந்து உட்கார்ந்தார். முதலில் தேடியது எண் அட்டையைத்தான்.

அவருடைய பழைய சீட்டை எடுத்துப் பார்த்தோம். அடியில் எங்கள் கையெழுத்திலேயே ஒரு வரி இருந்தது: "தினமும் உடற்பயிற்சி செய்யவும்." எவ்வளவு, எங்கே, எந்த வேகத்தில், அன்றைக்கு மாத்திரையை என்ன செய்வது என்பது பற்றி ஒரு சொல்லும் இல்லை. சொன்னதை அவர் செய்தார். சொல்ல வேண்டியதைச் சொல்லாதவர்கள் நாங்கள்.

கதை அத்துடன் முடிந்திருந்தால் இதை எழுத வேண்டியிருந்திராது. வீட்டுக்கு அனுப்பும் நாளில் அவர் மனைவி உறுதியாகச் சொன்னார்: "இனிமே இவரு ஓடவும் வேணாம், நடக்கவும் வேணாம் டாக்டர். உசுரோட இருந்தாப் போதும்." அந்த அச்சத்தை நாங்கள் குறை சொல்லவில்லை. ஆனால் அன்றுமுதல் மலைக்கோட்டை அடிவாரம் வரை அவர் மாலையில் நடந்து வந்த நடையும் நின்றுபோயிற்று. ஒன்பது மாதம் கழித்து வந்தபோது எடை ஆறு கிலோ கூடியிருந்தது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1சி அளவு 7.2-லிருந்து 9.4-ஆக ஏறியிருந்தது. பாதம் மரத்துப்போனதுபோல் இருக்கிறது என்றார். ஒரு காலை நேரத்துத் தாழ்சர்க்கரையைப் பத்து நிமிடத்தில் சரிசெய்ய முடிந்த எங்களால் இந்த ஒன்பது மாதத்தைச் சரிசெய்ய முடியவில்லை.

ஆகவே இந்த இதழின் வாசகர்கள் முன் ஒரு கருத்தை வைக்க விரும்புகிறோம். நாற்பதைக் கடந்து முதன்முதலாக ஓட நினைப்பவருக்குத் திண்டுக்கல்லில் ஓர் ஓட்டம் வேண்டும். அது தார்ச் சாலையில் அல்லாமல் மரநிழலில், மண் தடத்தில் நடக்க வேண்டும். கடிகாரம் இருக்கக் கூடாது. முதலில் வருபவரை மனத்தில் கொள்ளாமல், கடைசியில் வருபவரை மனத்தில் கொண்டு அதனை அமைக்க வேண்டும். தகுதிச் சான்றில் கையொப்பமிடும் மருத்துவர்கள், அன்று அந்தக் கடைசி ஆளுக்குப் பின்னால் நடந்து வர வேண்டும்.

குடும்பத்தாரின் அச்சங்கள் இரண்டு. ஒன்று இதயம். அமெரிக்காவில் 2000 முதல் 2010 வரை மராத்தான், அரை மராத்தான் ஓடிய சுமார் 1.09 கோடிப் பேரைக் கணக்கிட்டு 2012-இல் வெளிவந்த ஆய்வில், 59 பேருக்கு இதயம் நின்றது பதிவாகியுள்ளது. அதாவது 1,84,000 பேருக்கு ஒருவர். பிழைத்தவர்களைப் பிழைக்க வைத்தவற்றுள் முதன்மையானது, அருகிலிருந்தவர் உடனே நெஞ்சை அழுத்திச் செய்த முதலுதவி. இந்தக் கணக்கை நம் ஊருக்கு அப்படியே பொருத்திவிட முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். அங்கே ஓடியவர்களில் பெரும்பாலோர் மாதக்கணக்கில் பயிற்சி எடுத்தவர்கள். சனிக்கிழமை மாலை தாளுடன் வருபவர் அந்த எண்ணிக்கையில் இல்லை.

மற்றது மூட்டு. "ஓடினால் முட்டி தேய்ந்துவிடும்" என்பதை நாங்கள் வாரம் ஒருமுறையாவது கேட்கிறோம். பல ஆய்வுகளைத் தொகுத்து 2017-இல் வெளியான கணக்கில், இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்மானம் பொழுதுபோக்காக ஓடுபவர்களிடம் 3.5 விழுக்காடு, ஓடாமல் உட்கார்ந்தே இருப்பவர்களிடம் 10.2 விழுக்காடு, போட்டிக்காகக் கடுமையாக ஓடுபவர்களிடம் 13.3 விழுக்காடு. மூட்டு நல்ல நிலையில் இருப்பவர்களே ஓடத் தொடங்குகிறார்கள் என்பதும் இந்த வேறுபாட்டுக்கு ஒரு காரணமாக இருக்கலாம். ஆயினும், அளவோடு ஓடுவது மூட்டை அரித்துவிடும் என்பதற்கு இந்தக் கணக்கில் ஆதாரம் இல்லை.

அசையாமல் இருப்பதன் விலையையோ நாங்கள் நாள்தோறும் பார்க்கிறோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக மதிப்பிட்டது. தமிழ்நாட்டில் அது 14.4 விழுக்காடு. அதே ஆய்வுத் திட்டத்தின் 2014-ஆம் ஆண்டுக் கட்டுரை, ஆராயப்பட்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குப் போதிய உடலுழைப்பு இல்லை என்றும், ஓய்வு நேரத்தில் விளையாட்டு, ஓட்டம் போன்றவற்றில் ஈடுபடுவோர் பத்தில் ஒருவர்கூட இல்லை என்றும் காட்டியது. சென்னையில் மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர் சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரிடம் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வில், உணவையும் நடையையும் சீர்செய்ததால் மட்டுமே நோய்க்குள் நழுவுவது 28.5 விழுக்காடு குறைந்தது. அவர்கள் செய்தது பெரிய ஓட்டம் ஒன்றுமில்லை, பெரும்பாலும் நடைதான்.

அப்படியானால் நடை போதாதா, ஓட்டம் எதற்கு என்று கேட்கலாம். போதும். நடையே போதும் என்று இருப்பவரை ஓடச் சொல்வது எங்கள் நோக்கம் அன்று. தமிழ்நாடு அரசு 2023 நவம்பரில் தொடங்கிய "நடப்போம் நலம் பெறுவோம்" திட்டத்தில் 38 மாவட்டங்களிலும் எட்டுக் கிலோமீட்டர் நடைபாதை வகுக்கப்பட்டது. அதை நாங்கள் மனமார வரவேற்கிறோம். ஆனால் மனிதருக்கு ஒரு நாள் வேண்டியிருக்கிறது. "தை மாதம் இருபதாம் தேதி" என்று ஒரு நாளைக் குறித்துவிட்டால், ஐப்பசி மழையிலும் எழுந்து நடக்கிறார். நாள் குறிக்காத நடை மூன்றாம் வாரத்தில் நின்றுவிடுகிறது. எங்களில் சிலருக்கும் அப்படித்தான்.

இனி, காட்டுத் தடம் ஏன் என்பதைச் சொல்ல வேண்டும். தார்ச் சாலையில் கால் ஒரே தாளத்தில், ஒரே கோணத்தில், ஆயிரக்கணக்கான முறை விழுகிறது. முன்னால் ஓடுபவரின் வேகம் நம்மை இழுக்கிறது. மண் தடத்தில் ஒவ்வோர் அடியும் வேறு. கல் ஒன்று, வேர் ஒன்று, சருகு ஒன்று என்று கண் தரையிலேயே இருந்தாக வேண்டும். ஒரே வேகத்தைப் பிடித்துக்கொண்டு போக யாராலும் இயலாது. ஏற்றம் வந்தால் தேர்ந்த ஓட்டக்காரர்களே நடக்கிறார்கள். அங்கே நடப்பது வெட்கம் இல்லை. புதியவருக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை. நிழலும் ஒரு காரணம். மாசி பிறந்துவிட்டால் நம் சமவெளியில் எட்டு மணிக்கே வெயில் உறைக்கத் தொடங்குகிறது.

தீமையும் உண்டு. கணுக்கால் பிசகலாம். இறக்கம் ஏற்றத்தைவிட ஏமாற்றுவது. மூச்சு வாங்காததால் எளிது என்று தோன்றும். ஆனால் இறங்கும்போது தொடைத் தசைகள் நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குகின்றன. அதனால் மறுநாளும் அதற்கடுத்த நாளும் படியிறங்க முடியாதபடி வலி வரும். இது நோய் அன்று. இரண்டு மூன்று நாளில் தானே தணியும். அந்த வலிக்காக மருந்துக்கடையில் வலிநிவாரணி மாத்திரையைக் கேட்டு வாங்கி விழுங்குவதுதான் எங்களுக்குக் கவலை. சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்துள்ள சர்க்கரை நோயாளிக்கு அது உகந்ததன்று.

இப்படி ஓர் ஓட்டம் தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. ஆரோவில்லில் 2008-இல் ஒரு மராத்தான் தொடங்கப்பட்டது. 1968-இல் அந்த நகரம் நிறுவப்பட்டபோது மழை அரித்த செம்மண் மேடாகக் கிடந்த நிலம் அது. அங்கே குடியேறியவர்கள் மரம் வைத்து வளர்த்த காட்டின் ஊடாகவே ஓட்டம் நடக்கிறது. 42, 21, 10 கிலோமீட்டர் என்று தொலைவுகள் உண்டு. ஆனால் நேரக் கணக்கு இல்லை, பரிசு இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் துறையினர் நால்வர் அதில் பத்துக் கிலோமீட்டருக்குப் பெயர் கொடுத்தோம். ஒருவர் ஓடினார். மூவர் பெரும்பகுதி நடந்தோம். முடிவிடத்தில் எவரும் எங்களைப் பார்த்து "எத்தனை மணி நேரம்?" என்று கேட்கவில்லை. அந்தக் கேள்வி இல்லாமல் ஒரு காலைப்பொழுது எவ்வளவு இலேசாக இருக்கும் என்பது அன்று எங்களுக்குத் தெரிந்தது. நாள் முழுவதும் எண்களைப் பார்த்தே வாழ்பவர்கள் நாங்கள். எங்கள் நோயாளிகளும் அப்படியே.

ஆயினும் கடிகாரம் இல்லாத நெடுந்தொலைவை அறிய ஆரோவில் வரை போக வேண்டியதில்லை. தைப்பூசம் நெருங்கும் நாள்களில் திண்டுக்கல் வழியாகப் பழநிக்குச் செல்லும் சாலையைப் பாருங்கள். காரைக்குடிப் பக்கமிருந்தும் மதுரைப் பக்கமிருந்தும் நூறு கிலோமீட்டருக்கு மேல் நடந்து வருகிறார்கள். பாட்டிகள் வருகிறார்கள், தோளில் குழந்தையைச் சுமந்தவர்கள் வருகிறார்கள், காவடியுடன் வருகிறார்கள். திண்டுக்கல்லிலிருந்து மட்டுமே பழநி ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர். வழியில் கிடைக்கும் கஞ்சியும் மோரும் முதலில் வருபவருக்கும் கடைசியில் வருபவருக்கும் ஒன்றே. பழநியில் போய் நிற்பவரை, எத்தனை நாளில் வந்தாய் என்று முருகன் கேட்பதில்லை. உலகில் எங்கோ புதிதாகக் கண்டுபிடித்ததுபோல் பேசப்படும் "புதியவருக்கு இணக்கமான" நிகழ்ச்சி, நம் வீட்டு வாசல் வழியாக ஆண்டுதோறும் போய்க்கொண்டிருக்கிறது.

இதில் எங்களை வியக்க வைப்பது ஒன்று உண்டு. தையில் நான்கு நாள் நடந்து பழநி போய் வந்தவர், மாசியில் எங்கள் முன் அமர்ந்து, "ஒரு மைல் நடந்தாலே மூச்சு வாங்குது சார்" என்கிறார். இரண்டும் உண்மை. கூட்டமும் விரதமும் வேண்டுதலும் நான்கு நாள் அவரைத் தூக்கிச் செல்கின்றன. மீதி நாள்களில் தூக்குவதற்கு எதுவும் இல்லை. அந்த இடைவெளியில் பாதி நாள்களையாவது நிரப்ப ஒரு வழி தேவை.

பாதயாத்திரை எங்களுக்குத் தரும் இன்னொரு பாடம் பாதத்தைப் பற்றியது. தைப்பூசம் முடிந்த வாரத்தில் எங்கள் கட்டுப் போடும் அறை நிரம்பிவிடும். கொப்புளம் வலித்தால் கவலையில்லை, வலிப்பவர் உட்கார்ந்துவிடுவார். வலிக்காதவரே எங்கள் கவலை. சர்க்கரை நோயால் பாத நரம்பின் உணர்வு போனவருக்கு, குதிகாலில் முள் ஏறியதும் தெரியாது, தார் சுட்டதும் தெரியாது. ஆறு மணி நேரம் அதே புண்ணின் மேல் நடப்பார். வேண்டுதலைக் குறுக்கே நின்று தடுக்கும் எண்ணம் எங்களுக்கு இல்லை. உணர்வு போன பாதத்துடன் வெறுங்காலில் நடப்பது மட்டும் வேண்டாம் என்று ஆண்டுதோறும் மன்றாடுகிறோம். காலணி அணிந்து நடந்ததற்காக முருகன் கோபித்துக்கொண்டதாக இதுவரை எங்களிடம் வந்து சொன்னவர் யாரும் இல்லை.

எல்லோரும் ஓட வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. நூற்பாலையில் இரவு முறை முடித்து வரும் பெண்ணுக்கு முதலில் வேண்டியது தூக்கம். நிலக்கோட்டைப் பக்கம் விடியுமுன் மல்லிகை பறித்துவிட்டுப் பகலில் களை எடுப்பவருக்கு, "உடற்பயிற்சி செய்யுங்கள்" என்று சீட்டில் எழுதுவது எங்கள் அறியாமையைத்தான் காட்டும். நாங்கள் எண்ணுவது கல்லாப்பெட்டியின் முன்னும், தையல் இயந்திரத்தின் முன்னும், மேசையின் முன்னும், ஓட்டுநர் இருக்கையிலும் நாள் கழிப்பவர்களை. வீட்டு வேலையே உடற்பயிற்சி என்று சொல்லி நடுக்கூடத்தைத் தாண்டவிடாமல் வைக்கப்பட்டிருக்கும் பெண்களையும். அவர்கள் தனியே போய் ஓட நம் தெருக்கள் இடம் தருவதில்லை. நூறு பேர் ஒன்றாகப் போகும் ஒரு தடத்தில் அது இயலும். சிறுமலை அடிவாரத்தில் காந்திகிராமத்தை உருவாக்கியவர்களுள் ஒருவரான சௌந்தரம் இராமச்சந்திரன் ஒரு மருத்துவர் என்பதையும், அவர் சீட்டு எழுதுவதோடு நிற்காமல் கிராமங்களுக்குள் போனவர் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்கிறோம்.

காட்டின் பக்கமிருந்தும் ஒரு மறுப்பு எழும்; அது நியாயமானது. காடு நம் உடற்பயிற்சிக் கூடம் அன்று. திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் 11,806 எக்டேர் பரப்பைக் கடவூர் தேவாங்கு சரணாலயமாகத் தமிழ்நாடு அரசு 2022 அக்டோபரில் அறிவித்தது. தேவாங்குக்கென நாட்டில் ஏற்பட்ட முதல் சரணாலயம் அது. இரவில் இரைதேடிப் பகலில் உறங்கும் அந்தச் சிற்றுயிரின் இருப்பிடத்தில் ஒலிபெருக்கியும் மின்விளக்கும் கொண்டுபோய் விழா நடத்த எவருக்கும் உரிமை இல்லை. சிறுமலையில் காட்டுமாடுகள் உண்டு. விடியுமுன் தடத்தில் எதிர்ப்பட்டால் வழிவிட வேண்டியவர்கள் நாம்தான். தீயும் இருக்கிறது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்ததை நம் பகுதியில் யாரும் மறந்திருக்க முடியாது. அதன் பின்னரே மலையேற்றத்துக்கு ஒழுங்கு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறையே 14 மாவட்டங்களில் 40 மலையேற்றத் தடங்களை எளிது, நடுத்தரம், கடினம் என்று வகைப்படுத்தி, உள்ளூர் வழிகாட்டிகளுடன் திறந்துவிட்டது. அனுமதி வாங்குவதைத் தொல்லையாகக் கருதுபவர்கள் இந்த ஓட்டத்தை நடத்த வேண்டாம்.

எனவே சிறுமலையின் 18 கொண்டையூசி வளைவுகளையும் ஏறும் ஓட்டம் எங்கள் மனத்தில் இல்லை. வனத்துறை காட்டும் விளிம்புத் தடம் ஒன்று போதும். பூங்காவாகப் பேணப்படும் பகுதியானால் இன்னும் நல்லது. ஐந்து கிலோமீட்டர், விரும்புபவர் பாதியில் திரும்பிவிட ஒரு குறுக்கு வழி. சூரியன் எழுந்த பிறகு தொடக்கம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, தீக்காலம் தொடங்காத மார்கழிக் கடைசியோ தை முதல் வாரமோ உகந்த காலம். இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக எந்தக் காலவரையும் வேண்டாம். பனியனும் பதக்கமும் வேண்டாம். அந்தப் பணத்தில் கட்டணத்தைக் குறைக்கலாம். ஓடி வந்தவருக்கு இட்லியும் ஒரு சிறுமலை வாழைப்பழமும் கொடுத்தால் மனம் நிறையும். தடத்தின் எந்தப் புள்ளியும் ஆம்புலன்ஸ் வரக்கூடிய சாலையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கக் கூடாது. இதில் மட்டும் நாங்கள் விட்டுக்கொடுக்க மாட்டோம். நெஞ்சை அழுத்தும் முதலுதவி தெரிந்தவர்கள் தடம் நெடுகிலும் நிற்க வேண்டும். அதை ஒரு மாலையில் கற்றுக்கொடுக்க நாங்கள் அணியமாக இருக்கிறோம்.

தண்ணீர் பற்றி ஒரு சொல். குடிக்கக் குடிக்க நல்லது என்று எண்ணி நிலையத்துக்கு நிலையம் நிறுத்திக் குடிப்பவர்கள் உண்டு. 2002-ஆம் ஆண்டு பாஸ்டன் மராத்தானில் ஓடிய 488 பேரின் இரத்தத்தைப் பார்த்தபோது 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. அளவுக்கு மிஞ்சிய நீரே அதற்கு முதன்மைக் காரணம். தாகத்துக்குக் குடித்தால் போதும். இரத்த அழுத்தத்துக்காகச் சிறுநீர் பெருக்கும் மாத்திரை எடுப்பவர்கள் தங்கள் அளவை எங்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பயிற்சியைப் பெரிதாக எண்ண வேண்டாம். வாரம் மூன்று நாள், அரை மணி நேரம். முதல் ஐந்து நிமிடம் நடை. பிறகு ஒரு நிமிடம் மெல்லோட்டம், இரண்டு நிமிடம் நடை என்று மாற்றி மாற்றி. மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஓட்டத்தைச் சற்றே கூட்டினால் பன்னிரண்டு வாரத்தில் ஐந்து கிலோமீட்டர் எட்டிவிடும். வேகத்துக்கு அளவுகோல் உங்கள் பேச்சு. உடன் வருபவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிந்தால் வேகம் சரி. ஒற்றைச் சொல்லாக உடைந்தால் நடைக்கு மாறுங்கள். கைக்கடிகாரம் காட்டும் நாடித்துடிப்பை நம்ப வேண்டாம். மெட்டோபுரோலால், அட்டெனோலால் போன்ற மாத்திரைகள் துடிப்பை அடக்கி வைப்பதால் அந்த எண் உங்களை ஏமாற்றும்.

2021-இல் மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சராகப் பொறுப்பேற்ற மா. சுப்பிரமணியன் சர்க்கரை நோயுடனேயே நூற்றுக்கும் மேற்பட்ட அரை மராத்தான்கள் ஓடியவர் என்பதைச் சொல்லி, "அவரால முடியுது, எனக்கு என்ன?" என்று கேட்பவர்களும் எங்களிடம் வருகிறார்கள். நல்ல கேள்வி. பதில் ஒவ்வொருவருக்கும் வேறு. படியேறும்போது நெஞ்சில் இறுக்கம், காரணமின்றி மயக்கம், குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம் ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் முதலில் இதயப் பரிசோதனை. சர்க்கரை நோய் கண் விழித்திரையைத் தாக்கியிருந்தால் அதற்குச் சிகிச்சை முடியும்வரை ஓட்டம் வேண்டாம். கிளிமிபிரைடு வகை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் ஓடும் நாளுக்கான அளவை எங்களிடம் எழுதி வாங்க வேண்டும். தாமாகக் குறைப்பதும் தவறு, குறைக்காமல் ஓடுவதும் தவறு. கிளம்புமுன் சர்க்கரை 100-க்குக் கீழ் இருந்தால் உண்ட பிறகே புறப்பட வேண்டும். 250-க்கு மேல் இருந்து உடம்பும் சரியில்லை என்றால் அன்று விட்டுவிட வேண்டும். சட்டைப் பையில் குளுக்கோஸ் பொட்டலமோ மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையோ இருக்கட்டும். கடலை மிட்டாய் உதவாது. அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை இரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். ஓடிய நாள் இரவிலும் சர்க்கரை இறங்கக்கூடும் என்பதை உடன் உறங்குபவர் அறிந்திருக்க வேண்டும்.

சான்று வேண்டுவோர் ஓட்டத்துக்கு மூன்று மாதம் முன்னதாக வர வேண்டும் என்று இப்போது முடிவு செய்திருக்கிறோம். சனிக்கிழமை மாலைக் கையொப்பம் இனி இல்லை. ஸ்டெதாஸ்கோப்பை எடுக்குமுன் காலணியைக் கழற்றச் சொல்வோம். மெல்லிய நைலான் இழை ஒன்றால் பாதத்தில் பத்து இடங்களைத் தொட்டுப் பார்ப்போம். கண்ணை மூடிக்கொண்டு, தொடும்போதெல்லாம் சொன்னால் போதும்.

பூட்டுத் தொழிலாளிக்கும் அப்படித்தான் பார்த்தோம். பத்தில் மூன்று இடங்களில் அவருக்குத் தெரியவில்லை. தக்க காலணி அணிந்து, தினமும் இரவில் மனைவி பாதத்தைப் பார்த்துச் சொல்வது என்ற ஏற்பாட்டில், கிளிமிபிரைடைக் குறைத்து, நடைக்கு மட்டும் அனுமதி எழுதினோம். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் இருவருமாகச் சிறுமலை அடிவாரம் வரை பேருந்தில் போய் நடந்துவிட்டு வருகிறார்கள். எச்.பி.ஏ.1சி 7.9-க்கு இறங்கியிருக்கிறது. சென்ற மாதம் வந்தபோது, நாங்கள் எழுதிய "3 கி.மீ. நடை" என்பதைச் சுட்டி, அதை ஐந்தாக்கித் தர இயலுமா என்று கேட்டார். பாதத்தைப் பார்த்துவிட்டுத் தை மாதம் சொல்கிறோம் என்றோம். "அஞ்சுன்னு எழுதினா நானும் கூட நடந்துக்கிறேன் டாக்டர், எனக்கும் முட்டியைப் பாத்துடுங்க" என்று அவர் மனைவி செருப்பைக் கழற்றினார்.